50 வெள்ளிக் கேமரா: எதைப் பார்க்கிறது? யாருக்குக் காட்டுகிறது?

வீட்டுக்கு எந்த மின்னியல் சாதனம் வாங்கினாலும் பெரியவர்கள் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான். "இதில் எது நல்லது, கொஞ்சம் பார்த்துச் சொல்" என்பார்கள். கண்காணிப்புக் கேமராவும் அப்படி வந்து சேரும் சாதனங்களில் ஒன்று. பகலில் தாத்தா பாட்டி தனியாக இருக்கிறார்கள், கூடத்தில் ஒரு கேமரா இருந்தால் தேவலை என்று பேச்சு எழும். இணையக் கடைகளில் தேடினால் 30 முதல் 60 வெள்ளிக்குள் பல கேமராக்கள் வரிசைகட்டி நிற்கும். எல்லாப் பெட்டிகளிலும் ஏறக்குறைய ஒரே வாசகங்கள்தாம்: 1080பி, அகலப் பார்வை, இரவுப் பார்வை, அசைவு உணர்தல், மேகச் சேமிப்பு.

மாணவர்களே, இந்த வாரம் அந்த வாசகங்களுக்குப் பின்னால் உள்ள அறிவியலைப் பார்ப்போம். கொஞ்சம் கணிதம், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் கணினியியல். கடைசியாக, பெரும்பாலான பெட்டிகளில் அச்சிடப்படாத ஒரு கேள்வி: இந்தப் படத்தை வேறு யாரெல்லாம் பார்க்க முடியும்? தேர்ந்தெடுக்கும்போது முதலிடம் தரவேண்டியது அந்தக் கேள்விக்குத்தான். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எதற்காக வாங்குகிறோம்?

கேமராவைத் தேடுவதற்கு முன் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "பாட்டி விழுந்துவிட்டால் தெரிய வேண்டும்" என்பது ஒரு நோக்கம். அதற்குக் கூடம் முழுவதும் தெரிய வேண்டும். அவரோடு உடனே பேச ஒலிபெருக்கியும் வேண்டும். முகம் நுணுக்கமாகத் தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் அவர் யாரென்று உங்களுக்கே தெரியும். "வாசலில் நுழைந்தவர் யார் என்று தெரிய வேண்டும்" என்பது வேறொரு நோக்கம். அதற்குக் குறுகிய பரப்பு போதும், ஆனால் முகம் தெளிவாக விழ வேண்டும். நோக்கம் மாறினால் வாங்கவேண்டிய கேமராவும் அதை வைக்கவேண்டிய இடமும் மாறும்.

படப்புள்ளிக் கணக்கு

1080பி என்றால் படத்தில் கிடைவாக 1,920 புள்ளிகளும் செங்குத்தாக 1,080 புள்ளிகளும் உள்ளன என்று பொருள். இரண்டையும் பெருக்கினால் 2,073,600. அதாவது ஏறத்தாழ 2 மில்லியன் படப்புள்ளிகள். 2கே என்று விற்கப்படும் பல கேமராக்களில் 2,304 × 1,296, அதாவது ஏறத்தாழ 3 மில்லியன் புள்ளிகள் இருக்கும். புள்ளி கூடினால் தெளிவு கூடும் என்று நினைப்போம். ஆனால் அந்தப் புள்ளிகள் எவ்வளவு அகலமான காட்சியின்மேல் பரவுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேமரா காணும் காட்சியின் அகலத்தை நீங்கள் பள்ளியில் படித்த முக்கோணவியல் கொண்டே கணக்கிடலாம்:

அகலம் = 2 × தொலைவு × டேன் (கோணம் ÷ 2)

கேமராவின் கிடைக்கோணம் 90 பாகை, அதற்கும் சுவருக்கும் இடையே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேன் 45° = 1. எனவே காட்சியின் அகலம் 8 மீட்டர். 1,920 புள்ளிகளை 8 மீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு மீட்டருக்கு 240 புள்ளிகள்.

இப்போது 110 பாகை அகலப் பார்வை உள்ள 2கே கேமராவை அதே இடத்தில் வையுங்கள். டேன் 55° ஏறத்தாழ 1.43. அகலம் 11.4 மீட்டர். 2,304 புள்ளிகளைப் பங்கிட்டால் ஒரு மீட்டருக்கு 202 புள்ளிகள்தாம்! புள்ளி அதிகமுள்ள கேமரா, நுணுக்கத்தில் பின்தங்கிவிட்டது. அகலமாகப் பார்ப்பதற்குக் கொடுத்த விலை அது.

எத்தனை புள்ளிகள் போதும்? அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62676-4 என்ற தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அளவு தந்தது. ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று கண்டறிய மீட்டருக்கு 25 புள்ளிகள், அறிமுகமானவரை அடையாளம் காண 125, முன்பின் தெரியாதவர் யாரென உறுதிப்படுத்த 250. ஆக, மேலே சொன்ன இரண்டு கேமராக்களும் பாட்டியைக் கவனிக்கத் தாராளமாகப் போதும். வாசலில் வந்த புதியவரை உறுதிப்படுத்த இரண்டுமே போதாது.

இதற்காக விலை கூடிய கேமரா வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதே 110 பாகைக் கேமராவை வாசலிலிருந்து 2 மீட்டர் தொலைவில் வைத்தால் அகலம் 5.7 மீட்டராகச் சுருங்கும். புள்ளிகள் மீட்டருக்கு 400ஐத் தாண்டும். காசு செலவில்லாத மேம்பாடு இது.

இரண்டு எச்சரிக்கைகள். அகலக்கோண வில்லை ஓரங்களில் காட்சியை வளைக்கும் என்பதால் இந்தக் கணக்கு தோராயமானதே. மேலும், பெட்டியில் அச்சிடப்படும் கோணம் பல வேளைகளில் மூலைக்கு மூலை அளந்த கோணம். கிடைக்கோணம் அதைவிடக் குறைவாக இருக்கும். "360 பாகை" என்று எழுதியிருந்தால், கேமராவின் தலை சுழலும் என்று பெரும்பாலும் பொருள். இடப்பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் வலப்பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது.

இருட்டில் எப்படிப் பார்க்கிறது?

நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. கேமராவில் உள்ள சிலிக்கான் உணரியோ அதையும் தாண்டி ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியையும் உணரும். இரவில் கேமராவைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் 850 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அறை நமக்கு இருட்டு, கேமராவுக்கு வெளிச்சம். 850 வகையில் விளக்குகள் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உணரியின் திறன் அந்த அலைநீளத்தில் குறைவு என்பதால் எட்டும் தூரமும் குறையும்.

பகலில் இந்த அகச்சிவப்பு ஒளி வண்ணங்களைக் கெடுத்துவிடும். அதனால் உணரியின் முன் ஒரு வடிகட்டி இருக்கும். இருட்டியதும் சிறு மோட்டார் அதை விலக்கும். மாலையில் கேமராவிலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அது இதுதான். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றும் அகச்சிவப்பை ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளே விடுவதால் வண்ண வேறுபாடு மறைந்து, இரவுப் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது.

தூரம் கூடக் கூட அந்த ஒளி வேகமாகக் குறையும். தூரம் இரு மடங்கானால் ஒரு பரப்பில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். 10 மீட்டர் என்று பெட்டி சொன்னாலும் 4 மீட்டரில் கிடைக்கும் தெளிவு அங்கே இருக்காது. வீட்டுக்குள்ளிருந்து சன்னல் கண்ணாடி வழியாக இரவில் வெளியே பார்க்க வைத்தாலும் பயனில்லை. கேமராவின் ஒளியே கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகிவிடும்.

அசைவா, மின்விசிறியா?

மலிவுக் கேமராக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு அசைவைக் கண்டுபிடிக்கின்றன. போதிய எண்ணிக்கையில் புள்ளிகளின் நிறம் மாறினால் உங்கள் திறன்பேசிக்கு அறிவிப்பு வரும். சுழலும் மின்விசிறி, காற்றில் ஆடும் திரைச்சீலை, சாமி மேடையில் அசையும் விளக்குச் சுடர் எல்லாமே அதற்கு அசைவுதான். ஒரு நாளைக்கு நூறு பொய் அறிவிப்புகள் வந்தால், நூற்றோராவது உண்மையாக இருந்தாலும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஆகவே இரண்டு வசதிகளைத் தேடுங்கள். ஒன்று, படத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கவனிக்கச் சொல்லும் வசதி. மற்றொன்று, மனித உருவத்தைப் பிரித்தறியும் வசதி. இந்த இரண்டும் இப்போது 50 வெள்ளிக்குக் குறைந்த கேமராக்களிலும் கிடைக்கின்றன. மனித உருவத்தை அறியும் வசதிக்குத் தனிச் சந்தா கேட்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் படம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஒரு படப்புள்ளிக்கு 24 பிட் என்று கணக்கிட்டால் ஒரு 1080பி படத்துக்கு ஏறத்தாழ 50 மில்லியன் பிட். விநாடிக்கு 15 படங்கள் என்றால் ஏறத்தாழ 746 மில்லியன் பிட். இதை அப்படியே அனுப்பினால் வீட்டு வைஃபை திணறிவிடும். அதனால் கேமரா ஒரு தந்திரம் செய்கிறது. அவ்வப்போது ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. கூடத்துச் சுவர் மாறுவதில்லை அல்லவா? எச்.264 என்ற சுருக்க முறை இப்படித்தான் வேலை செய்கிறது. அதன்பின் விநாடிக்கு 2 மில்லியன் பிட் போதும் என்று வைத்துக்கொள்வோம்.

2,000,000 ÷ 8 = 250,000 பைட். இதை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் பெருக்கினால் 21.6 கிகாபைட். 64 கிகாபைட் நினைவு அட்டை மூன்று நாளில் நிறைந்துவிடும். அதன்பின் பழைய படங்கள் அழிந்து புதியவை பதிவாகும். எச்.265 என்ற புதிய முறையில் ஏறத்தாழ பாதி இடம் போதும்; அட்டை ஆறு நாள் தாங்கும். அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னால் இன்னும் பல நாள் தாங்கும்.

உண்மையான விலை

படங்களை வீட்டிலுள்ள அட்டையில் வைக்கலாம். இணையம்வழி நிறுவனத்தின் மேகச் சேமிப்பிலும் வைக்கலாம். கேமரா 45 வெள்ளி, அட்டை 15 வெள்ளி, மேகச் சேமிப்புச் சந்தா மாதம் 5 வெள்ளி என்று கொள்வோம். 5 வாட் கேமரா ஆண்டு முழுவதும் ஓடினால் 43.8 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகும். ஒரு கிலோவாட்-மணிக்கு 30 காசு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 வெள்ளி.

மூன்றாண்டுக் கணக்கு:
அட்டையுடன்: 45 + 15 + 39 = 99 வெள்ளி
சந்தாவுடன்: 45 + 180 + 39 = 264 வெள்ளி

அட்டையில் ஒரு குறை உண்டு. திருடன் கேமராவையே எடுத்துச் சென்றால் பதிவும் போய்விடும். மேகச் சேமிப்பில் அந்தக் கவலை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்தின் படங்கள் வேறொருவரின் கணினியில் இருக்கும். இங்குதான் நம் முக்கியக் கேள்வி தொடங்குகிறது.

வேறு யார் பார்க்க முடியும்?

கேமரா என்று அழைத்தாலும் அது வில்லை பொருத்திய ஒரு சிறு கணினி. இணையத்தோடு இணைந்து இரவு பகலாக விழித்திருக்கும் கணினி. திரையும் விசைப்பலகையும் இல்லாததால் அதற்குள் யாராவது புகுந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்ற தீங்குநிரல் உலகெங்கும் உள்ள இணையக் கேமராக்களிலும் பதிவுக் கருவிகளிலும் ரௌட்டர்களிலும் புகுந்தது. அதன் வழிமுறை மிக எளிது. தொழிற்சாலையில் போட்டு அனுப்பப்பட்ட பயனர் பெயர், மறைச்சொல் இணைகள் 60க்கும் மேற்பட்டவை அதனிடம் இருந்தன. இணையத்தில் கண்ட சாதனங்களில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மறைச்சொல்லை மாற்றாத சாதனங்கள் திறந்துகொண்டன. 2016 அக்டோபர் 21ஆம் தேதி, இப்படிப் பிடிபட்ட சாதனங்களின் படை டின் என்ற இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கியது. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் எட்டவில்லை. தாக்குதலில் பங்கேற்ற கேமராக்களின் உரிமையாளர்கள் தங்கள் சாதனம் என்ன செய்கிறது என்று அறியாமலே இருந்தார்கள். மிராயை எழுதிய மூவர் 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 20, 21.

அது கேமராவை ஆயுதமாக்கிய கதை. கேமராவின் கண்ணையே திருடிய கதை நம் ஊரிலும் உண்டு. 2020 அக்டோபரில், சிங்கப்பூர் வீடுகளின் இணையக் கேமராக்களிலிருந்து திருடப்பட்ட காட்சிகள் இணையத்தில் பரவியது செய்தியானது. தங்கள் வீட்டுக்குள், யாரும் பார்க்கவில்லை என்று நம்பி இருந்தவர்களின் காட்சிகள் அவை. பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே பாதுகாப்பைக் குலைத்துவிட்டது.

ஊடுருவிகள் நுழையும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, மாற்றப்படாத அல்லது எளிதில் ஊகிக்கக்கூடிய மறைச்சொல். இரண்டாவது, ஒரே மறைச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது. ஏதோ ஒரு விளையாட்டுத் தளத்திலிருந்து கசிந்த உங்கள் மறைச்சொல்லைக் கேமராவின் செயலியிலும் போட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது, மென்பொருளில் உள்ள ஓட்டை. எந்த மென்பொருளிலும் பிழை இருக்கும். நல்ல நிறுவனம் அதைக் கண்டதும் திருத்தி அனுப்பும். பெயர் தெரியாத நிறுவனம் கேமராவை விற்றதோடு மறந்துவிடக்கூடும்.

முதல் இரண்டு வழிகளையும் நீங்களே அடைத்துவிடலாம். மூன்றாவதை, வாங்கும்போது செய்யும் தேர்வால் மட்டுமே அடைக்க முடியும்.

பெட்டியில் முத்திரை இருக்கிறதா?

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக்கு, எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஒரே மறைச்சொல் இருக்கக் கூடாது. மென்பொருள் மேம்பாடுகள் வழங்கப்பட வேண்டும். இரண்டாம் நிலை, சாதனத்தை உருவாக்கும் கட்டத்திலேயே பாதுகாப்பைக் கருத்தில் கொண்டதைக் காட்டுகிறது. மூன்றாம் நிலையில் மென்பொருளை வெளி ஆய்வுக்கூடம் சோதிக்கும். நான்காம் நிலையில் ஆய்வுக்கூடத்தினரே ஊடுருவிகளைப் போல உள்ளே புக முயன்று பார்ப்பார்கள்.

விலைக்கும் இந்த நிலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. விலை குறைந்த கேமராவிலும் முத்திரை இருக்கலாம். விலை கூடியதில் இல்லாமலும் போகலாம். முத்திரைக்குக் காலவரம்பு உண்டு என்பதையும் கவனியுங்கள். நிறுவனம் பாதுகாப்பு மேம்பாடுகள் தரும் காலம் வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு அது செல்லும். அமைப்பின் இணையத்தளத்தில் முத்திரை பெற்ற சாதனங்களின் பட்டியல் உள்ளது. 5 வெள்ளி தள்ளுபடிக்காக முத்திரை இல்லாததை எடுப்பது லாபமாகாது.

வீட்டிலுள்ளவர்களின் உரிமை

வெளியார் மட்டுமன்றி, வீட்டில் யார் யாரைப் பார்க்கலாம் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். பாட்டிக்காக வைக்கும் கேமரா என்றால் முதலில் பாட்டியின் சம்மதம் வேண்டும். செயலியைத் திறந்து அவருக்கே காட்டுங்கள். "இவ்வளவுதான் தெரியும், இந்தப் பக்கம் தெரியாது" என்று அவர் கண்ணால் பார்த்தால் மனம் நிம்மதியாகும். படுக்கையறை, குளியலறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றில் கேமரா கூடாது. வீட்டுப் பணிப்பெண் இருந்தால், கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் உறங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. மனிதவள அமைச்சும் இதையே வலியுறுத்துகிறது. வாசலை நோக்கி வைத்தால், எதிர்வீட்டுக் கதவோ சன்னலோ படத்தில் விழாதபடி திருப்பி வையுங்கள்.

எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் கேமரா எதற்கு? வில்லையை மூடும் வசதி அல்லது நேரம் குறித்து அணைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால், மின்செருகியைக் கழற்றினாலே போதும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. நோக்கம் என்ன? எந்த இடம், எத்தனை மீட்டர்?
2. அந்தத் தொலைவில் மீட்டருக்கு எத்தனை புள்ளிகள்?
3. பாதுகாப்பு முத்திரை உண்டா? எந்த நிலை? எதுவரை செல்லும்?
4. செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா?
5. நினைவு அட்டை போட முடியுமா? சந்தா இல்லாவிட்டால் எந்த வசதிகள் நின்றுபோகும்?
6. வைக்கும் இடத்தில் வைஃபை எட்டுமா? பல மலிவுக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும். வீட்டுக் காப்பறையின் தடித்த கான்கிரீட் சுவர் குறுக்கே இருந்தால் அலை வலுவிழக்கும். முதலில் அந்த இடத்தில் திறன்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டுப் பாருங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியவை: வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான மறைச்சொல்லைப் போடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். மென்பொருள் தானே மேம்படும்படி அமையுங்கள். கேமராவைப் பிறருக்குக் கொடுக்கவோ வீசவோ நேர்ந்தால், முதலில் அட்டையை எடுத்துவிட்டு, அமைப்புகளை அழித்து, கணக்கிலிருந்து அதை நீக்குங்கள்.

செய்து பாருங்கள்

1. தொலைக்காட்சியின் தொலையியக்கியைத் திறன்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் என்ன தெரிகிறது? கண்ணால் நேராகப் பார்த்தால் ஏன் தெரியவில்லை?

2. வாசல் 3 மீட்டர் தொலைவில் உள்ளது. 1080பி கேமராவின் கிடைக்கோணம் 90 பாகை. புதியவரின் முகத்தை உறுதிப்படுத்த இது போதுமா?

3. கேமரா விநாடிக்கு 1 மில்லியன் பிட் பதிகிறது. 32 கிகாபைட் அட்டை ஏறத்தாழ எத்தனை நாள் தாங்கும்?

4. துணைப்பாட ஆசிரியர் வீட்டுக்கு வந்து உங்களுக்குப் பாடம் நடத்துகிறார். கூடத்தில் கேமரா இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டுமா? உங்கள் காரணங்களை ஐந்து வரிகளில் எழுதி, வீட்டில் பெரியவர்களுடன் பேசிப் பாருங்கள்.

விடைகள்: 1. மின்னும் ஒளி தெரியும். அது அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குப் புலப்படாது. கேமராவின் உணரிக்குப் புலப்படும். 2. காட்சியின் அகலம் 6 மீட்டர், மீட்டருக்கு 320 புள்ளிகள், போதும். 3. ஒரு நாளைக்கு 10.8 கிகாபைட், ஏறத்தாழ 3 நாள். 4. இதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால் எதை எதிர்பார்ப்பீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.